மும்தாஜ் அக்கா சொல்லாமல் விட்டவை

செய்தி வந்தபோது நான் ஐயம்பேட்டைக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் இருந்தேன். எங்கள் கோலாட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில், இரண்டு காலை வணக்கப் படங்களுக்கு நடுவே, மும்தாஜ் அக்காவின் மருமகள் இரண்டு வரி போட்டிருந்தாள். அம்மா விடியற்காலையில் இறந்துவிட்டார், மாலை அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். படித்தேன். போனைப் பைக்குள் வைத்தேன். ஐயம்பேட்டையில் இறங்கி, மகளுடைய மாமியார் வீட்டில் பலகாரத்தைக் கொடுத்து, அவர்கள் தந்த காபியைக் குடித்து, மாப்பிள்ளையின் இருமல் தேவலையா என்றுகூட விசாரித்தேன். திரும்பும்போது இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன். அழுகை வரவில்லை. பத்து நாள் ஆகிறது, இன்னும் வரவில்லை.

குழுவின் மலருக்கு அவரைப் பற்றி நீங்கள்தான் எழுத வேண்டும் என்றார்கள். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைத்தவர் அவர். ஒலிமுகமது பேட்டையில் வீட்டின் முன்னறையில் இரண்டு மெஷின், ஒரு நிலைக்கண்ணாடி, அவ்வளவுதான் கடை. அளவு எடுக்கும்போது நாமெல்லாம் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்போம். அவர் டேப்பைப் பிடித்தபடியே காத்திருப்பார். “மூச்ச விட்டுட்டு நில்லுங்கமா. முகூர்த்தத்துல மூச்சு விடணும்ல” என்பார். நமக்குச் சிரிப்பு வந்து வயிறு தளர்ந்ததும் அளவைக் குறித்துக்கொள்வார்.

உஸ்பெகிஸ்தானில் ஒரு பட்டு நெசவு ஊரிலிருந்து எங்கள் குழுவுக்கு அழைப்பு வந்ததும் நாங்கள் பன்னிரண்டு பேர் போய்வந்ததும் உங்களுக்குத் தெரியும். உடைகளைப் பார்த்துக்கொள்ள மும்தாஜ் அக்காவையும் சேர்க்கலாம் என்று பிள்ளையார்பாளையத்துப் பெண்கள் சொன்னபோது வேண்டாம் என்றது நான்தான். ஜாக்கெட் தைக்கிறவருக்கு எதற்கு விமானம் என்று கேட்டேன். முதல் நாள் மேடை ஏறுவதற்குக் கால் மணி நேரம் முன்பு யாருடைய ஜாக்கெட் அக்குளில் பிரிந்தது என்று கேட்காதீர்கள். என் பேச்சு எடுபடாமல் எங்களோடு வந்திருந்த மும்தாஜ் அக்கா ஊசியில் நூலைக் கோத்தார். கழற்றக்கூட விடவில்லை, உடம்போடு வைத்தே தைத்து முடித்தார்.

எங்களில் ஆறு பேர் தில்பர் என்ற பெண்மணியின் வீட்டில் தங்கினோம். ஐம்பது வயதிருக்கும். கணவர் தறிக்கூடத்தில் சாயம் போடுகிறவர். முற்றத்தில் திராட்சைப் பந்தல், அதன் கீழே மெத்தை விரித்த பெரிய கட்டில், அதன்மேலேயே சாப்பாடு. டீயைப் பாதிக் கிண்ணம்தான் ஊற்றுவார். முதல் நாள் எங்களுக்குள் முணுமுணுப்பு கிளம்பியது. நிறைய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தமாம். கொஞ்சமாக ஊற்றினால் இன்னும் உட்கார், மறுபடி ஊற்றுகிறேன் என்று அர்த்தமாம். எங்களோடு வந்த மொழிபெயர்ப்பாளர் இதைச் சொன்ன பிறகு எங்கள் வாய் அடங்கியது. மும்தாஜ் அக்காவைத் தவிர நாங்கள் இறைச்சி சாப்பிடமாட்டோம் என்பதால் எங்களுக்கென்று தனிப் பாத்திரம் எடுத்து, அடையாளத்துக்குக் கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டியிருந்தார். பூசணிக்காயை மாவுக்குள் வைத்து அவித்துக் கொடுப்பார். ஆறு பேரும் எடுத்துக்கொண்ட பிறகுதான் தன் கிண்ணத்தைத் தொடுவார்.

நான்காம் நாள் காலையில் தில்பர் வீட்டில் இல்லை. ஏதோ வேலையாகப் பக்கத்துக் கிராமத்துக்குப் போயிருக்கிறார் என்றார் கணவர். சாயங்காலம் திரும்பி வந்து வழக்கம்போலச் சமைத்தார். அடுத்த நாள் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், கொஞ்ச நேரம் உட்கார்ந்தார்கள், இரண்டு கைகளையும் ஏந்தி முகத்தைத் தடவிக்கொண்டு போனார்கள். அந்த ஊரில் சாப்பிட்டு முடித்தாலும் அப்படித்தான் செய்வார்கள், எங்களுக்குப் பழகியிருந்தது. எங்களை வழியனுப்ப வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டு நாங்களும் அவர்களைப் போலவே கைகளை ஏந்தி முகத்தைத் தடவிச் சிரித்தோம். ஒரு பெண்மணி என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு அவரும் சிரித்தார்.

அன்று சாயங்காலம்தான் விடைபெறும் விருந்து. நம் ஊர் வழக்கப்படி தட்டில் மஞ்சள், குங்குமம், அரக்குச் சிவப்பில் ஒரு பட்டுச்சேலை எல்லாம் வைத்துத் தில்பருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தோம். கையில் கொடுத்தால் போதுமா, கட்டிப் பார்க்க வேண்டாமா என்றேன். மும்தாஜ் அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“டீச்சர், சேலைய கையில குடுத்துருங்க. கட்ட வேணாம்.”

ஏன் என்று கேட்டேன். அவங்களுக்கு அசதியா இருக்குது போல என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. விருந்து கொடுத்தவருக்கு மரியாதை செய்வதற்கு உங்களிடம் அனுமதி வாங்க வேண்டுமா என்று கேட்டுவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு தில்பரைப் பார்த்தார். தில்பர் தலையை லேசாக அசைத்தார். எனக்குத்தான் சம்மதம் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மும்தாஜ் அக்கா போய், தன் கையாலேயே தில்பருக்குச் சேலை கட்டிவிட்டார். கொசுவம் மடித்து, தோளில் ஊக்கு குத்தி, முந்தானையைச் சரிசெய்தார். நான் குங்குமம் வைத்தேன். கையில் கோல்களைக் கொடுத்து வட்டத்துக்குள் இழுத்தேன். தில்பர் இரண்டு சுற்று ஆடினார், தாளம் ஒரு இடத்திலும் தப்பவில்லை. நம் பயிற்சிக் கூடத்தில் மாட்டியிருக்கும் போட்டோ அப்போது எடுத்ததுதான். எவ்வளவு சந்தோஷமாகச் சிரிக்கிறார் பாருங்கள் என்று உங்களில் பலரிடம் நானே காட்டியிருக்கிறேன்.

மறுநாள் ரயிலில் மொழிபெயர்ப்பாளர் சொன்னார். விருந்தன்று தில்பரின் தாயார் இறந்து இரண்டாம் நாள். பக்கத்துக் கிராமத்துக்குப் போனது அடக்கத்துக்கு. விருந்தாளி இருக்கும் வீட்டில் துக்கத்தைக் காட்டினால் சாப்பிடுகிறவர்களுக்குத் தொண்டையில் இறங்காது, அதனால் எங்களிடம் சொல்லக்கூடாது என்று தில்பர் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டாராம்.

நான் எதிரே உட்கார்ந்திருந்த மும்தாஜ் அக்காவிடம், உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். சாவுச் செய்தி கேட்டதும் முஸ்லிம் வீடுகளில் சொல்லும் அரபி வார்த்தைகள் உண்டு. நான்காம் நாள் விடியற்காலையில் வாசலில் ஒரு பெண் அதைச் சொன்னது, உள்ளே தைத்துக்கொண்டிருந்த இவர் காதில் விழுந்திருக்கிறது. அந்த ஊர்ப் பாஷை தெரியாவிட்டாலும் அந்த வார்த்தைகள் தெரியும். எழுந்து போய் தில்பரின் கையைப் பிடித்திருக்கிறார். தில்பர் நாங்கள் இருந்த அறையைக் காட்டி, உதட்டில் விரல் வைத்திருக்கிறார்.

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா. நான் அவங்கள ஆட வெச்சேனே.”

“சொல்லியிருந்தா நீங்க அழுதிருப்பீங்க, எல்லாரும் அழுதிருப்பாங்க. அந்தம்மா ரெண்டு நாளா பல்லக் கடிச்சிக்கினு பண்ணது வீணாப் போயிருக்கும். அது அவங்க குடுத்தது டீச்சர். அத ஒடைக்க நான் யாரு?”

எனக்கு அது நியாயமாகவே படவில்லை. என்னை முட்டாளாக்கிவிட்டீர்கள் என்று ரயிலில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஊருக்குத் திரும்பி நான்கு மாதம் பேசவில்லை. ஜாக்கெட்டை வேறு கடையில் கொடுத்தேன். அவர்கள் தைத்ததைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்க முடியாது, கோலாட்டம் எங்கே ஆடுவது. கடைசியில் துணிப் பையோடு ஒலிமுகமது பேட்டைக்கே போய் நின்றேன். அவர் டேப்பை எடுத்துக்கொண்டு, “கோவத்துல கொஞ்சம் எளச்சிட்டீங்க டீச்சர்” என்றார். அத்தோடு சமாதானம் ஆனது.

இனி சொல்லப்போவது உங்களில் யாருக்கும் தெரியாது.

போன வைகாசியில் என் மகளுக்குக் கல்யாணம். ஜாக்கெட் எல்லாம் அக்காதான். துணி கொடுக்கப் போனேன், அளவுக்குப் போனேன், எடுக்கப் போனேன். மண்டபம், சமையல்காரர், சம்பந்தி வீட்டார் என்று மணிக்கணக்கில் பேசினேன். அவர் டீ கொடுப்பார், கேட்டுக்கொண்டே தைப்பார். முகூர்த்த ஜாக்கெட்டின் கை அரை விரல் பிடிக்கிறது என்று கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு திருப்பிக் கொண்டுபோனேன். இவ்வளவு வருஷம் தைக்கிறீர்கள், இப்போது போய் இப்படியா என்றும் சொன்னேன். குடுங்க டீச்சர் என்று வாங்கி, நான் உட்கார்ந்திருக்கும்போதே பிரித்துத் தைத்துக் கொடுத்தார். ஆள் பாதியாகியிருந்தார். அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு நான் சொன்னது இது: “நல்லா ஒல்லியா அழகா ஆயிட்டீங்க அக்கா. என்ன பண்றீங்க, எனக்கும் சொல்லுங்க.”

“இனிமே எனக்கு ஒரு மீட்டர் துணி மிச்சம்மா” என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

அடக்கம் முடிந்த பிறகு பெண்கள் உட்கார்ந்திருந்த அறையில் மருமகள் என்னிடம் சொன்னாள். சித்திரையிலேயே டாக்டர் அதிக நாள் இல்லை என்று சொல்லிவிட்டாராம். மெஷினில் உட்காரக் கூடாது என்றும் சொன்னாராம். ஜாக்கெட்டுகளை வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று மகன் சண்டை போட்டிருக்கிறார். நான் ஒவ்வொரு முறை வாசலில் செருப்பைக் கழற்றும்போதும் மாத்திரை அட்டைகளை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைப்பது மருமகளின் வேலை. “டீச்சர் கல்யாண வீட்டம்மா, சந்தோஷமா வராங்க. ஒரு வார்த்த சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினாங்க” என்றாள்.

தில்பர் வீட்டில் எனக்குப் பாஷை தெரியாது, அதனால் தெரியவில்லை என்று இத்தனை வருஷமாகச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கே என்ன பாஷை தெரியாமல் போயிற்று?

மும்தாஜ் அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்ளப்போவது அவருடைய பொறுமையை அல்ல, அது எனக்கு வராது. அவருடைய கண்ணை வைத்துக்கொள்ள முயற்சி செய்கிறேன். அளவெடுக்கிறவர், எதிரே நிற்கிற ஆளைத்தான் முதலில் பார்ப்பார். நான் இதுவரை எந்த வீட்டுக்குப் போனாலும் என் கதையைத்தான் முதலில் எடுத்து வைத்திருக்கிறேன்.

நேற்று மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். மருமகள் நாற்காலி எடுத்துப் போட்டாள், டீ போடுகிறேன் என்றாள். டீ வேண்டாம், நீ எப்படி இருக்கிறாய் சொல் என்றேன்.

“நல்லா இருக்கேன் டீச்சர்.”

வழக்கமாக அதற்குமேல் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன், என் பேச்சை ஆரம்பித்துவிடுவேன். நேற்று அவள் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து அவள் வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.