கோரேசுக்கு ஆர் வோட்டுப் போட்டது?

டென்மார்க்கில், வைலேயில் தமிழில் ஜெபம் நடக்கிறதென்றால் அதற்கு அத்திவாரம் போட்டவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஆள். குளிர், பன்றி, கத்தி, சம்பளம், இவ்வளவுதான் அப்போது எனக்குத் தெரிந்த டெனிஷ். அதை வைத்துக்கொண்டே டெனிஷ் போதகரிடம் போய், அவருடைய தேவாலயத்துக் கீழ்மண்டபத்தை ஞாயிறு பின்னேரங்களுக்கு வாங்கினேன். நான் வேலை செய்த இறைச்சித் தொழிற்சாலையில் கழித்துவிட்ட உப்புத் தொட்டியைத் தேய்த்துக் கழுவி ஞானஸ்நானத் தொட்டி ஆக்கினேன். அதில் முழுகி எழும்பினவர்கள் இன்றைக்குக் கோல்டிங்கிலும் இஷொயிலும் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். பிறகு எனக்கும் ஒரு வீடு, ஒரு கடை. மனிதர் ஒருவரும் என்னைத் தூக்கி விடவில்லை. ஆண்டவர் தூக்கினார், மிச்சத்தை நான் பார்த்துக்கொண்டேன்.

இதெல்லாவற்றையும் விடப் பெரிய வேலை ஒன்றும் செய்தேன். அதை ஒருவரும் கதைப்பதில்லை. ஆகவே நானே எழுதுகிறேன்.

அப்போது சபையில் நாங்கள் எல்லாரும் தனி ஆம்பிளைகள். பெண்சாதி பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில். குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தோம், சட்டத்தில் உரிமையும் இருந்தது, பதில்தான் இல்லை. கொப்பன்ஹேகனில் ஒரு மந்திரியின் சொல்லால் எங்கள் விண்ணப்பங்கள் அசையாமல் கிடந்தன என்பது பிறகுதான் வெளியில் வந்தது. அந்த விவகாரத்தில் ஒரு அரசாங்கமே வீட்டுக்குப் போனது. ஆனால் அன்றைக்கு எங்களுக்கு அது ஒன்றும் தெரியாது. உபவாசம் இருந்தோம், அழுதோம், திங்கட்கிழமை வேலைக்குப் போனோம்.

இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் நெருங்கின நேரம், லண்டனிலிருந்து தமிழ் ஊழியக்காரர் ஒருவர் எங்களிடம் வந்தார். நல்ல குரல், நல்ல கோட். பாபிலோனில் சிறைப்பட்டிருந்த யூதரை ஊருக்குப் போகவிட்ட கோரேசு ராஜாவைப் பற்றிப் பிரசங்கித்தார். பிறகு, போட்டியிடுகிற ஒருவருடைய பெயரைச் சொல்லி, அவர்தான் இந்தக் காலத்துக் கோரேசு, அவர் வென்றால் வாசல் திறக்கும், உங்கள் மனைவிமார் வந்து சேருவார்கள் என்றார். ஆனபடியால் ஊரில் இருக்கிற மனைவிமார் போய் அவருக்கு வாக்குப் போட வேண்டுமாம். பயந்து வீட்டில் இருப்பது அவிசுவாசமாம்.

ஊரிலோ, போகாதே என்று ஒரு பக்கம் துவக்கோடு நின்றது. போ என்று மறுபக்கமும் துவக்கோடுதான் நின்றது.

சனம் அல்லேலூயா சொல்லத் தொடங்கியது. நான் எழும்பினேன்.

"ஐயா, ஒரு சின்னக் கேள்வி. கோரேசுக்கு ஆர் வோட்டுப் போட்டது?"

சனம் சிரித்துவிட்டது. ஊழியக்காரரும் சிரித்தார், ஆனால் விடவில்லை. "சகோதரர், அந்தக் காலத்தில வோட்டு இல்லை. இண்டைக்கு ஆண்டவர் தந்திருக்கிறார். தந்த கதவைத் தட்டாமல் இருக்கிறது விசுவாசமோ?"

கெட்டித்தனமான பதில். ஆனால் எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "தட்டப்போறது நீங்களில்லை ஐயா, என்ரை மனிசி. வெடி விழுந்தால் அவளின்ரை தலையிலதான் விழும்."

என்னோடு ஒரே அறையில் இருந்த சகோதரர் திரும்பினார். "அண்ணை, உங்களுக்கு மனிசி வர விருப்பமில்லைப்போல. தனிய இருந்து பழகிப்போச்சோ?"

"உன்ரை சமையலைத் தின்னுறவனுக்கு மனிசி வர விருப்பமில்லாமல் போகுமோடா?"

மறுபடியும் சிரிப்பு. சிரித்தவர்கள் சிரித்தபடியே அந்தப் பிரசங்கத்தின் கசெட்டைத் தரச்சொல்லிக் கேட்டார்கள். அந்த நாளில் கடிதத்தை விட நாங்கள் கசெட்டைத்தான் நம்பினோம். பிரசங்கத்தைப் பதிந்து, முன்னுக்கு எங்கள் குரலில் நாலு வார்த்தை பேசி, கொழும்புக்குப் போகிறவர்களிடம் கொடுத்துவிடுவோம். ஊரில் அது வீடு வீடாகப் போகும். பிரதி எடுக்கிற ரெக்கோடர் என்னுடையது. வயரைச் சுற்றிக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு, "இதில இந்தக் கசெட் ஓடாது" என்றேன். ஆண்டவர் சவுலை ராஜாவாக்கினார், நேபுகாத்நேச்சாரையும் பாவித்தார். ஆனால் எவருடைய வாக்குச்சீட்டிலும் அவர் கையொப்பம் வைத்ததாக நான் வேதத்தில் வாசிக்கவில்லை. ராஜாக்களுக்காக ஜெபிக்கச் சொன்னார், அவர்களுக்காகப் பிரசாரம் செய்யச் சொல்லவில்லை.

ஆனால் என் அறைச் சகோதரர் ஊழியக்காரரிடம் மூலக் கசெட்டையே கேட்டு வாங்கி, தன் குரலையும் சேர்த்து அனுப்பிவிட்டார். அவருடைய மனிசியும் என் மனிசியும் ஊரில் ஒரே ஒழுங்கையில் குடியிருந்தார்கள். என் மனிசி ஊழியக்காரர் சொன்னால் கிணற்றிலும் குதிப்பாள்.

அனுப்பினது தெரிந்த அன்றே வேலை முடியத் தபால் கந்தோருக்கு ஓடிப்போய், கொழும்பில் கடையில் நின்ற மச்சானுக்கு, அவளுடைய தம்பிக்கு, ரெலிபோன் எடுத்தேன்.

"டேய், உடனே ஊருக்குப் போ. கொக்காவை வோட்டுப் போட விடாதே."

"அத்தான், அக்கா என்ரை சொல்லைக் கேப்பாவோ? ஊழியக்காரர் சொன்னவர் எண்டுவா."

"ஊழியக்காரரின்ரை மனிசி லண்டனில பத்திரமா இருக்கிறா எண்டு சொல்லு."

தேர்தல் முடிந்தும் செய்தி இல்லை. இரண்டு தரம் இறைச்சியைப் பிழையாய் வெட்டினேன், மேற்பார்வையாளர் என்னைப் பெட்டி அடுக்க அனுப்பினார். மச்சான் திரும்பி வந்து கடையில் ரெலிபோனைத் தூக்கி, "அத்தான், அக்கா சுகம்" என்றபோது நான் தபால் கந்தோர் நிலத்திலேயே குந்திவிட்டேன். வரிசையில் நின்ற டெனிஷ் பொம்பிளை ஒருத்தி எனக்கு வருத்தம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தாள். சுகம் வந்ததால் குந்தினேன் என்று சொல்ல எனக்குப் பாஷை இல்லை. குடித்தேன். அப்படி ஒரு தண்ணீரை நான் பிறகு குடிக்கவில்லை.

மனிசி பிறகு வைலேக்கு வந்து சேர்ந்தாள். இங்கே மூடியிருந்த கதவு இங்கேதான் திறந்தது, கொழும்பில் அல்ல. வந்ததும் சொன்னாள்: "கசெட் எங்கட வீட்டுக்கும் வந்தது. கேட்டுக் கேட்டு அழுதனாங்கள். வோட்டுக்குப் போக வெளிக்கிட்டுச் சீலையும் மாத்திப்போட்டன். அப்பதான் தம்பி படலையில வந்து நிண்டவன்." வாக்குச்சாவடிப் பக்கம் வெடி கேட்டு ஓடின ஓட்டத்தில் என் அறைச் சகோதரரின் மனிசி விழுந்து கை முறிந்தது. உயிர் தப்பியது கர்த்தருடைய கிருபை. அந்தச் சகோதரரும் பிறகு என்னோடு அதைப்பற்றி வாதாடவில்லை.

ஊழியக்காரருடைய ஆள் வென்றாரா தோற்றாரா என்று நான் எழுதமாட்டேன், எழுதினால் இன்றைக்கும் சண்டை. அமெரிக்காவில் தேர்தல் வந்தாலும் வீடியோக்கள் வருகின்றன: இவர் கர்த்தரால் தெரிந்துகொள்ளப்பட்டவர், அவர் சாத்தானின் ஆள். எங்கள் சபையில் பிரசங்க மேடையில் வேட்பாளர் பெயர் சொல்வதில்லை. வென்றவருக்காக ஜெபிப்போம், தோற்றவருக்காகவும் ஜெபிப்போம். அந்த ஒழுங்கு என்னிடமிருந்து வந்தது.

இப்போது சபை மலர் அடித்திருக்கிறார்கள். லண்டன் ஊழியக்காரருக்கு அரைப்பக்கம், படத்தோடு. என் மனிசி வோட்டுக்குப் போகாமல் வீட்டில் இருந்த நாளுக்கு ஒரு வரி: "தேர்தல் காலத்தில் கர்த்தர் எங்கள் குடும்பங்களைக் காத்தார்." ஓம், காத்தவர் அவர்தான், மகிமை அவருக்கே. ஆனால் அன்றைக்கு எழும்பி நின்று வேண்டாமென்று சொன்னது ஒரு மனிதன், அவன் இன்னும் உயிரோடு வைலேயில் இருக்கிறான். மறு அச்சில் அதைப் போடுங்கோ. அரைப்பக்கம் வேண்டும்.