செம்பனைக்குள் கழுகைத் தேடி வந்தவர்

கழுகுகள் எங்கே அடைகின்றன, எங்கெல்லாம் பறந்து போகின்றன என்று கண்காணிப்பவர் அவர். மலேசியாவில் கோலா பிலா பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனை வளர்க்கும் எங்கள் எஸ்டேட்டுக்கு அடிக்கடி வருவார். வெயிலில் கறுத்த, ஒல்லியான மனிதர். நம்மோடு பேசும்போதும் கண் வானத்திலேயே இருக்கும்.

சென்ற மாதம், இருக்குமிடம் காட்டும் கருவியை முதுகில் அவர் கட்டிவிட்ட கழுகு ஒன்றின் சிக்னல் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அசையாமல் நின்றது. தேடிப் போனவர் செத்த கழுகை இரு கைகளிலும் ஏந்தி வந்தார்.

"மருந்து தின்ன எலிய புடிச்சுத் தின்னுருக்கு அக்கா. இங்க எலி மருந்து போட்டாங்களா?"

"தெரியலயே தம்பி."

என் ஐந்து வயது மகள் கையை விரித்தாள். "இதுவா அங்கிள்?"

நீலக் கட்டிகள், எலி மருந்து. செம்பனை அடியில் பொறுக்கி விளையாடியிருக்கிறாள்.

கழுகைக் கீழே போட்டுவிட்டு, அவள் கையிலிருந்ததைத் தட்டி, வாயைத் திறந்து பார்த்தார். தன் வேனிலேயே எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், உள்ளே ஒன்றும் போகவில்லை என்றார்.

நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் முகத்தில் சந்தோஷமே இல்லை.

"அது சாகலனா நான் இன்னிக்கு வந்திருக்கவே மாட்டேன்லா, அக்கா."

அந்தக் கழுகு பிழைத்திருக்கலாமே என்று நினைக்க எனக்கு இன்றும் மனம் வரவில்லை.