கம்புக்குக் கீழே போன மாமா

எனக்குப் பதினொரு வயதானபோது என் தாய்மாமாவை விட நான் அரைச் சாண் உயரமாக இருந்தேன். அதற்காக வெட்கப்பட்டுக் கூன் போட்டு நடந்தது நான்தான். மாமாவுக்கு அதில் எந்த வருத்தமும் இருந்ததில்லை. "துணி மிச்சமுங்க, பஸ்ஸுல இடம் மிச்சமுங்க, ஆருக்கு என்ன நட்டம்?" என்பார். கோவை கணபதியில் ஒரு மோட்டார் பம்பு பட்டறையில் லேத் ஓட்டினார். லேத்துக்கு முன்னால் போட்டு ஏறி நிற்க அவரே ஒரு மரப்பெட்டி செய்து வைத்திருந்தார். முப்பது வயது. நன்றாகச் சீவிய மீசை. அவரைக் கேலி செய்ய வாயெடுத்தவர்கள் பாதியிலேயே மூடிக்கொண்டு போனதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மாமாவுக்குக் கால்பந்துப் பைத்தியம். ஆனால் அதுவரை அவர் ஒரு கோலைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. பந்து கோல் பக்கம் போனதும் காலரியில் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். மாமாவுக்குத் தெரிவதெல்லாம் முன்வரிசைக்காரரின் முதுகுதான். சத்தத்தை வைத்தே கோலா, வெளியே போனதா என்று கண்டுபிடிப்பார். பிறகு பக்கத்து ஆளின் சட்டையை இழுத்து, "ஏனுங்க, ஆரு போட்டது? எந்தக் காலுல?" என்று கேட்பார். அன்று வீட்டுக்கு வந்ததும் அந்தக் கோலை எங்கள் எல்லோருக்கும் நேரில் பார்த்தவர் மாதிரியே நடித்துக் காட்டுவார்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோடை விடுமுறையில் ஒரு மில் மைதானத்தில் கால்பந்துப் போட்டி நடந்தது. சவுக்குக் கம்புகளைக் கட்டிப் பலகை போட்டுக் காலரி எழுப்பியிருந்தார்கள். பெரியவர்களுக்கு டிக்கெட், குழந்தைகளுக்கு இலவசம். முந்தைய வருடம் குழந்தைகளை வயது கேட்டுத்தான் உள்ளே விட்டார்கள். அரும்பு மீசை முளைத்தவனெல்லாம் "ஒம்போது வயசுங்க" என்று சொல்லி உள்ளே போயிருக்கிறான். அதனால் இந்த முறை கமிட்டிக்காரர்கள் ஒரு யோசனை செய்திருந்தார்கள். பெரிய கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வழி. அதன் குறுக்கே ஒரு மூங்கில் கம்பு. மேலே ஒரு பலகையில், 'கம்புக்குக் கீழே குனியாமல் செல்வோருக்கு அனுமதி இலவசம்' என்று பெயிண்டில் எழுதியிருந்தது.

கம்புக்குப் பக்கத்தில் கேட்டுக்காரர் நின்றிருந்தார். மில்லில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். காக்கிச் சட்டையை விடவில்லை, அதட்டலையும் விடவில்லை.

முதல் நாள் மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பெரிய கேட்டில் தனக்கு டிக்கெட் வாங்க வரிசையில் நின்றபடி, "நீ அக்கட்ட போயி கம்புக்குக் கீழ நொழஞ்சுக்க, கண்ணு" என்றார். நான் போனேன். நெற்றியில் மூங்கில் இடித்தது. பின்னால் நின்ற பொடிசுகள் சிரித்தன.

"ஏம்மணி, டிக்கெட் எங்க?" என்றார் கேட்டுக்காரர்.

மாமா வரிசையை விட்டுவிட்டு ஓடி வந்தார். "ஏனுங்க, பதினொரு வயசுக் கொழந்தைங்க இது. ஆறாவது முடிச்சிருக்குது."

"வயசெல்லாம் நமக்குத் தெரியாதுங்க. போன வருசம் வயசு கேட்டுத்தான் ஏமாந்துபோட்டோம். இப்பக் கம்பு என்ன சொல்லுதோ அதுதான் சட்டம்."

"கம்பு சொல்றதுதான் சட்டமுங்களா?"

"அதேதானுங்க."

"அப்பப் பேச்சு மாறக்கூடாதுங்க."

மாமா போய் ஒரே ஒரு டிக்கெட் வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். பிறகு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். மீசையை ஒருமுறை தடவிக்கொண்டார். தலையை நிமிர்த்திக் கம்புக்குக் கீழே நடந்து அந்தப் பக்கம் போய் நின்றார். கம்புக்கும் அவர் தலைக்கும் நடுவே ஒரு விரல் இடம் மிச்சம் இருந்தது.

வரிசை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. கேட்டுக்காரர் பலகையைப் பார்த்தார். அதில் குழந்தைகள் என்ற வார்த்தையே இல்லை என்பதை அவர் அப்போதுதான் கவனித்திருக்க வேண்டும். இன்னொரு முறையும் படித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "போங்க சாமி, போங்க. ஆனா ஒண்ணு. சும்மா வந்தவங்க காலரியில ஏறக்கூடாது. கயித்துக்குப் பின்னாடி மண்ணுலதான் உக்காரோணும். அதுவும் சட்டமுங்க" என்றார்.

அதை மாமா எதிர்பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் டிக்கெட்டைப் பார்த்தேன். "நீ போயி மேல உக்காரு அம்மணி. இங்கிருந்து பாத்துக்கறேன்" என்றார், என்னவோ அவரே திட்டம் போட்டது மாதிரி.

அப்படித்தான் அந்த வருடம் முழுப் போட்டியையும் நான் காலரியில் பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு வலப்பக்கம் ஒரு ஜவுளிக்காரர். இடப்பக்கம் வேர்க்கடலையைத் தோலோடு மென்று துப்பும் ஒரு தாத்தா. ரெஃப்ரியைத் திட்டுவதற்குத் தமிழில் இத்தனை வார்த்தைகள் இருக்கின்றன என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஜவுளிக்காரர் ஒவ்வொரு முறை திட்டிய பிறகும் என் பக்கம் திரும்பி, "தப்பா நெனச்சுக்காத கண்ணு" என்று மரியாதையாகச் சொல்வார். உடனே அடுத்ததைத் தொடங்குவார்.

மாமா கீழே, எல்லைக்கோட்டை ஒட்டிக் கட்டியிருந்த கயிற்றுக்குப் பின்னால், ஒரு பெரிய பொடிசுக் கூட்டத்தின் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். முதல் பாதி வரைக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தார். போலீஸ் அணிக்காரர் ஒருவர் கோல் போட்டபோது காலரி முழுக்க எழுந்தது. நானும் எழுந்தேன். ஆனால் மாமாவின் முன்னால் யாரும் இல்லை, கயிறு மட்டும்தான். கோல் விழுந்ததும் அவர் கத்தவில்லை, கைதட்டவும் இல்லை. வாயைத் திறந்தபடி வலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது, "வலது காலு. வெளிப்பக்கத்துல வெட்டுனான். நான் பாத்தேன் கண்ணு" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

மறுநாளிலிருந்து டிக்கெட் எனக்கு, கம்பு மாமாவுக்கு என்று ஆகிவிட்டது. கமிட்டிச் செயலாளர் ஒருநாள் வந்து முறைத்தார். ஆனால் பலகையைத் திருத்தினால் தங்கள் தப்பை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது. கேட்டுக்காரர் மட்டும் மாமா வரும்போதெல்லாம் கம்பு தொய்ந்திருக்கிறதா என்று கையால் தட்டிப் பார்ப்பார். மாமாவும் பொறுமையாக நின்று, "இறுக்கிக் கட்டுங்க, நான் நிக்கறேன்" என்பார்.

மண்ணில் உட்கார்ந்த கூட்டத்துக்கு மாமா சீக்கிரமே தலைவராகிவிட்டார். ஆஃப்சைடு என்றால் என்ன என்று கூழாங்கற்களை வைத்து விளக்குவார். அவர் கையைத் தூக்கினால் எல்லாம் கத்தும், இறக்கினால் எல்லாம் அடங்கும். எந்தப் பள்ளிக்கூடத்திலும் நான் அப்படி ஒரு ஒழுங்கைப் பார்த்ததில்லை.

இறுதி ஆட்டத்தில் எங்கள் ஊர் மில் அணியும் வால்பாறையிலிருந்து வந்த எஸ்டேட் அணியும் மோதின. எஸ்டேட்காரர்கள் காலையில் பஸ் பிடித்துக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வந்திருந்தார்கள். கோவை வெயிலே அவர்களுக்குத் தாங்கவில்லை. இடைவேளையில் தலையில் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றிக்கொண்டார்கள். முதல் பாதியிலேயே எங்கள் அணி ஒரு கோல் போட்டுவிட்டது. இரண்டாம் பாதியில் மலைக்காரர்கள் விட்டதைப் பிடிக்க ஆரம்பித்தார்கள். மேட்டில் ஓடிப் பழகிய கால்கள். சமதரையில் அவர்களை நிறுத்த முடியவில்லை.

மாமாவின் வேலை அப்போதுதான் தொடங்கியது.

பந்து குழந்தைகள் பக்கம் வெளியே வந்தது. வழக்கமாக யாராவது எடுத்து உடனே எறிவார்கள். இந்த முறை அதை எடுத்த பையன் பக்கத்துப் பையனிடம் கொடுத்தான். அவன் அடுத்தவனிடம் கொடுத்தான். கோயில் பிரசாதம் மாதிரி பந்து கடைசிப் பிள்ளை வரைக்கும் கைமாறிப் போய், அங்கிருந்து மைதானத்துக்கு வந்தது. அடுத்த முறை ஒருத்தி அதைப் பாவாடையால் துடைத்துக் கொடுத்தாள். அதற்கும் அடுத்த முறை ஒரு குண்டுப் பையன் அதன் மேல் உட்கார்ந்துகொண்டு, பந்து எங்கே என்று அவனே எட்டிப் பார்த்தான். மாமா எதிலும் கலந்துகொள்ளவில்லை. வானத்தில் பருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

என் பக்கத்து ஜவுளிக்காரர் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "கொழந்தைங்கன்னா இப்படி இருக்கோணும்!"

கடைசியில் ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கயிற்றை நோக்கி வந்தார். ஒல்லியான மனிதர், வியர்வையில் நனைந்திருந்தார். அவர் பேசியது காலரி வரைக்கும் கேட்டது.

"இந்தக் கொழந்தைங்களுக்குப் பெரியவங்க ஆரு?"

அவர் பார்வை முகம் முகமாக நகர்ந்து ஒரு மீசையில் வந்து நின்றது.

"ஏனுங்க, நீங்கதானே பெரியவரு?"

மாமா எழுந்து நின்றார். "இல்லீங்க சார். நான் கொழந்தைங்க."

"மீசை இருக்குது?"

"கம்பு மீசையப் பாக்கறதில்லீங்களே சார். கேட்டுக்காரரக் கேட்டுப் பாருங்க."

கேட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். பின்னாலேயே கமிட்டிச் செயலாளரும் வந்து நின்றுகொண்டார். பாவம் கேட்டுக்காரர். மாமாவைப் பெரியவர் என்று சொன்னால், இத்தனை நாளாக ஒரு பெரிய ஆளை டிக்கெட் இல்லாமல் விட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். செயலாளரைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். விறைப்பாக நின்று, "கம்புக்குக் கீழ வந்தவருங்க சார். நம்ம சட்டப்படி கொழந்தைதானுங்க" என்றார்.

காலரியில் எழுந்த சிரிப்பில் பலகைகள் ஆடின. ரெஃப்ரிக்கும் உதடு ஓரம் துடித்தது. ஆனால் அவர் தன் கைக்கடிகாரத்தை மாமாவின் முகத்துக்கு நேரே காட்டினார். "சரிங்க கொழந்த. நீங்க வெளையாடுன நேரத்தையெல்லாம் நானும் எண்ணித்தான் வெச்சிருக்கறேன். அதையும் சேத்து ஆடிட்டுத்தான் விசிலு ஊதுவேன்."

மாமாவின் முகம் மாறியது. இதை அவர் யோசிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு பந்து வெளியே வந்தபோதெல்லாம் மாமாவே பாய்ந்து எடுத்து எறிந்தார். "வெசையாக் குடு, வெசையாக் குடு!" என்று பிள்ளைகளை அதட்டினார். பயனில்லை. ஆட்டம் முடியவேண்டிய நேரம் முடிந்தது. ரெஃப்ரி விசிலைத் தொடவில்லை. ஆட்டம் நீண்டுகொண்டே போனது. அப்போது எஸ்டேட் அணியின் நெட்டையான பையன் ஒருவன் நடுக்கோட்டைத் தாண்டியதுமே ஓங்கி ஒரு அடி அடித்தான். பந்து எல்லோர் தலைக்கும் மேலே போய், திடீரென்று தாழ்ந்து, கோல்கீப்பரின் கைக்குப் பின்னால் விழுந்தது. காலரி மூச்சு விடவில்லை. அந்த அமைதியில் ஒரே ஒரு குரல், "ஆஹா!" என்றது. மாமாவின் குரல். தன்னை மறந்து கத்திவிட்டார். பக்கத்துப் பொடிசுகளெல்லாம் அவரைத் திரும்பிப் பார்த்து முறைத்தன.

பிறகு பெனால்டி. அதில் மலைக்காரர்கள் ஜெயித்தார்கள். ஜவுளிக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அந்தக் குள்ளக் கொழந்தையாலதான்" என்றார். அந்தக் குழந்தைக்கு நான் மருமகள் என்று சொல்லாமல் படியிறங்கினேன்.

குனியமுத்தூருக்குப் போக நாங்கள் உக்கடத்தில் பஸ் மாற வேண்டும். உக்கடத்தில் முட்டைக்கோசு கலந்து காளான் வறுத்து விற்கும் ஒரு வண்டிப் பக்கம் எஸ்டேட் அணிக்காரர்கள் தங்கள் பைகளின் மேல் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். மாமா என் பின்னால் ஒளியப் பார்த்தார். நான் உயரமாக இருந்தது அப்போதுதான் அவருக்கு உபயோகப்பட்டது. ஆனால் அந்த நெட்டைப் பையன் பார்த்துவிட்டான்.

"அண்ணா! நீங்கதான அந்தக் கொழந்த?"

எல்லோரும் சுற்றிக்கொண்டார்கள். மாமா ஒரு நொடி தயங்கினார். பிறகு முன்னால் வந்தார்.

"ஆமாந் தம்பி. நீ கோல் போட்ட அந்த நேரம் இருக்குதே, அதை உனக்குக் குடுத்ததே நான்தான். நான் பந்தைப் புடிச்சு வெக்கலீன்னா, நீங்க தோத்துப்போட்டு முந்தின பஸ்ஸுலயே போயிருப்பீங்க. இப்பச் சொல்லு, நாயமா எங்களுக்கு ஆளுக்கொரு ப்ளேட்டு காளான் நீ வாங்கித் தரோணுமா இல்லையா?"

மலைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காளான் வந்தது. பாதி சாப்பிடுவதற்குள் மாமா, "அந்த அடி எப்படி அடிச்சே? பந்து எதனால கீழ எறங்குச்சு?" என்று ஆரம்பித்துவிட்டார். பையன் வண்டிக்குக் கீழே இருந்த ஒரு முட்டைக்கோசை எடுத்துத் தரையில் வைத்து, கால் எங்கே படவேண்டும் என்று காட்டினான். மாமா ப்ளேட்டை என்னிடம் கொடுத்தார். இரண்டு அடி பின்னால் போய் ஓடி வந்து உதைத்தார். முட்டைக்கோசு எழும்பவே இல்லை. உருண்டு போய்ப் பொள்ளாச்சி பஸ்ஸுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. காளான் வண்டிக்காரர் கரண்டியோடு துரத்தினார். மாமா ஒற்றைக் காலில் நொண்டியபடி எங்கள் பஸ்ஸில் ஏறினார்.

வீட்டுக்குப் போனபோது பெருவிரல் புடைத்திருந்தது. "என்னடா இது?" என்று பதறினாள் அம்மா.

"மேட்சுல அடிபட்டுப்போச்சுக்கா" என்றார் மாமா, வலியைத் தாங்கிக்கொள்ளும் ஆட்டக்காரன் முகத்தோடு.

அம்மா மஞ்சள் அரைத்துச் சூடாகப் பத்துப் போட்டாள். வெந்நீர் வைத்தாள். அவர் கால் நீட்டுவதற்கு என்னையே தலையணை எடுத்து வரச் சொன்னாள். நான் எடுத்து வந்து கொடுத்தேன். மாமா அதில் காலை வைத்துக்கொண்டு, அந்த நெட்டைப் பையனின் கோலை அம்மாவுக்கு நடித்துக் காட்டத் தொடங்கினார். கோலில் மட்டும், ஒன்றுகூடக் கற்பனையில்லாமல்.