பிரசவ வீட்டுக்கு வந்த மெசின்

எனக்கு வயது எழுபத்தொன்பது. வளர்த்தது ஐந்து பிள்ளைகள். ஐந்தும் படித்தது, ஐந்தும் வேலைக்குப் போனது. பாறசாலை ஸ்டேஷனில் காலை ரயிலை ஒரு பிள்ளையும் ஒரு நாளும் விட்டதில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தமிழும் மலையாளமும் எழுத்துக்கூட்டி வாசிப்பேன், நாலு வரி எழுதினால் கை கடுக்கும். அதனால் நான் சொல்லச் சொல்ல, இளைய மகளுடைய மகள் இதை எழுதுகிறாள்.

பிள்ளைகள் ரயிலை விடாததற்குக் காரணம் எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம். அதை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் ஐந்து பத்து நிமிடம் தள்ளி வைக்காத வீடு குறைவு. நான் கொஞ்சம் தாராளமாக வைத்தேன். வீட்டுக்குள் அடுப்பு மூட்டுவது, பால் கறப்பது, பிள்ளைகளை எழுப்புவது எல்லாம் அந்த மணிக்குத்தான். வெளியாள் யாராவது மணி கேட்டால் மட்டும் அரை மணியைக் கழித்துச் சொல்வோம். யோசிக்க வேண்டியதே இல்லை. ஆளைக் கண்டதும் வாய் தானாகக் கழித்துக்கொள்ளும்.

தொண்ணூறுகளின் கடைசியில் இளைய மகள் முதல் பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வந்தாள். கம்ப்யூட்டர் படித்தவள். நெய்யாற்றின்கரையில் ஒரு சின்ன ஆபீசில் வேலை. குழந்தை பிறந்து தொண்ணூறு நாள் கழிந்ததும் ஒரு ஜீப் வந்து நின்றது. பெட்டி பெட்டியாக இறக்கினார்கள். அடுத்த வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

"மைனி, பிள்ளைக்குத் தொட்டிலு வந்திருக்கா?"

"இல்ல, மெசினு."

"பெத்த பெண்ணுக்கு லேகியம் குடுப்பாவ. நீங்க டிவி குடுக்குதியளோ!"

"டிவி இல்லட்டி, ஆபீசாக்கும். ஆபீசு இஞ்ச வந்திருக்கு. ஒனக்கு வேல வேணுமுண்ணா மனு எழுதிக் கொண்டு வா."

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். ஆனால் எனக்கும் உள்ளுக்குள் சந்தேகம்தான்.

விஷயம் இதுதான். ஆபீஸ் முதலாளி ஒரு ஆஸ்பத்திரிக்கு பில் போடுகிற புரோகிராம் செய்து தருவதாகச் சொல்லியிருந்தார். அதை எழுதுவது என் மகளும், கொல்லயில் என்கிற ஊர்ப் பக்கத்துப் பையன் ஒருவனும். அவளைவிட இரண்டு மூன்று வயது இளையவன். பச்சைக் குழந்தையை விட்டுவிட்டு மகளால் ஆபீசுக்குப் போக முடியாது. முதலாளி மெசினை வீட்டுக்கே அனுப்பினார். கூடவே ஒரு வார்த்தையும் அனுப்பினார்: ஒரு மாதம் தருகிறேன், அது கழிந்து வரும் திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில் அது ஓட வேண்டும். ஓடவில்லையென்றால் ஜீப் திரும்ப வரும், மெசினை எடுத்துக்கொண்டு போகும், அவள் இடத்துக்கு வேறு ஆள். வீட்டிலிருந்து வேலை என்ற பேச்சை அதற்குப் பிறகு எந்தப் பெண்ணும் அந்த ஆபீசில் எடுக்க முடியாது. மகள் இதை என்னிடம் சொல்லும்போது குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். குரல் ஒரே மாதிரிதான் இருந்தது. ஆனால் அவளை நான் அறிவேன்.

மெசினில் இருந்தது லினக்ஸ். காசு கொடுக்காமல் கிடைப்பது என்று சொன்னாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, படம் கிடம் ஒன்றும் கிடையாது. அதற்கு ஒரு நோய் இருந்தது. உள்ளே உள்ள சின்ன பேட்டரி செத்துப்போனதால், ராத்திரி அணைத்து வைத்தாலும் கறண்டு போய் வந்தாலும் தேதியும் மணியும் மறந்துவிடும். அதனால் ஒவ்வொரு காலையும் மகள் அறையிலிருந்து கூப்பிடுவாள்.

"அம்மா, மணி எத்தன?"

நான் அடுக்களையிலிருந்து எட்டிச் சுவரைப் பார்த்துச் சொல்வேன். அவள் தட்டிக்கொள்வாள். பல் விளக்குவது போல அதுவும் ஒரு வழக்கமாகிவிட்டது.

அந்தத் திங்களுக்கு முந்தின சனிக்கிழமையும் அப்படித்தான். காலையில் மணி கேட்டாள், சொன்னேன். எழுதி வைத்ததையெல்லாம் மெசினிடம் கொடுத்து ஒன்றாகச் சேர்க்கச் சொன்னாள். இதற்கு அவர்கள் பில்டு என்பார்கள். ஒவ்வொரு ஃபைலையும் மெசின் தனித்தனியாக அரைத்து வைக்கும், கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிப் பிசையும். அரைத்தது எல்லாம் சரியாக அரைந்தது. பிசையும் இடத்தில் நின்றுவிட்டது. பையன் எழுதிய ஃபைலில் ஒரு கணக்கு விட்டுப்போயிருக்கிறது என்று திரை சொன்னது. மகள் போனில் கூப்பிட்டாள். அவன் வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. விட்டதை உடனே எழுதிச் சேர்த்து, பிளாப்பியில் போட்டு, ஸ்கூட்டரில் பறந்து வந்தான். வந்தவன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

மகள் அதை மெசினில் இறக்கி, மறுபடி பில்டு கொடுத்தாள். அதே இடம், அதே பிழை.

"நீ எழுதவே இல்லியேடே!"

"சத்தியமாட்டு எழுதினேன் சேச்சி."

"பின்ன மெசினு இல்லேங்குதே?"

"தொறந்து நோக்குங்கோ."

திறந்தார்கள். எழுதியது கண்ணுக்கு நேரே கிடந்தது. இரண்டு பேரும் காண்கிறார்கள், மெசின் மட்டும் காணவில்லை. பிளாப்பி கெட்டது என்றான் பையன். திரும்ப ஓடினான், அதே ஃபைலைப் புதுப் பிளாப்பியில் கொண்டுவந்தான். மறுபடி அதே பிழை.

"எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேருந்து அரைக்கலாம் சேச்சி," என்றான்.

"இந்தக் கெழட்டு மெசினுல முழுசும் அரைக்க எவ்வளவு நேரமாவும்? சாயங்காலம் லோட் ஷெடிங் உண்டு. நடுவுல கறண்டு போச்சுண்ணா உள்ளதும் போச்சு."

குழந்தை அழத் தொடங்கியது. மகள் எடுக்கவில்லை. நான் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னேன். "ரெண்டு பேரும் எழும்பி வந்து ரெண்டு வாய் தின்னுங்க. மரச்சீனிக் கெழங்கும் மீன்கறியும் இருக்கு. வெறும் வயித்தோட பாத்தா ஒண்ணும் தெரியாது."

"எக்கு வேண்டாம்மா."

"நீ தின்னல்லெண்ணா இவனுக்குப் பால் எங்கேருந்து வரும்? மெசினா குடுக்கும்?" தோளில் கிடந்தது பெண் குழந்தை. கோபம் வந்தால் எனக்கு எல்லாப் பிள்ளையும் இவன்தான்.

வந்து உட்கார்ந்தார்கள். பையன் இரண்டு வாய் வைத்திருப்பான், தலை நிமிர்ந்து சுவரைப் பார்த்தான். அப்படியே துள்ளி எழுந்தான்.

"ஐயோ! எனக்க அக்கா திருவனந்தபுரம் வண்டியில வாறா. ஸ்டேஷனுக்குப் போணும். வண்டி வந்து போயிருக்குமே!" கையிலிருந்த வாட்ச்சைக் காதில் வைத்துப் பார்த்தான், உதறினான். "இது நின்னு போச்சு போல."

"இரி மோனே," என்றேன். "ஒனக்க வாட்ச்சுக்கு ஒண்ணுமில்ல. அது எங்க வீட்டு மணி. வெளியாளுக்கு அதுல அரை மணிக்கூர் கொறச்சுக்கிடணும். இருந்து தின்னு."

அவன் உட்கார்ந்தான். மரச்சீனி பிடித்த மகளுடைய கை வாய்க்குப் போகாமல் நடுவில் நின்றது.

"அம்மா, இண்ணைக்குக் காலத்த மெசினுக்கு எந்த மணி செல்லித் தந்த?"

"வீட்டு மணி. பின்ன?"

"கொறச்சுச் செல்லல்லியா?"

"எதுக்குக் கொறைக்கணும்? அது வெளியாளா? நம்ம வீட்டுல இருக்குத சாதனமில்லியா?"

பையன் முதலில் என்னைப் பார்த்தான், பிறகு சுவரைப் பார்த்தான், பிறகு சிரிக்கத் தொடங்கினான். புரையேறியது. மகள் கை கழுவாமலேயே அறைக்கு ஓடினாள்.

பிறகு எனக்கு விளக்கிச் சொன்னாள். திருத்தின ஃபைலை மட்டும்தான் மெசின் மறுபடி அரைக்கும், திருத்தாததைத் தொடாது. எது திருத்தினது என்று அதற்கு எப்படித் தெரியும்? மணி பார்த்துத்தான். மாவு அரைத்த நேரத்துக்குப் பிறகு அரிசி வந்திருந்தால், புது அரிசி, அரைக்க வேண்டும். முன்னாலேயே வந்த அரிசி என்றால், அரைத்தாயிற்று, விட்டுவிடும். எங்கள் மெசின் அரைத்த மாவில் வீட்டு மணி, அரை மணி முன்னால். ஃபைல் எழுதிய மணி பிளாப்பியில் கூடவே வரும்; பையன் தன் வீட்டில் ஊர் மணிக்கு எழுதியது, மெசின் அரைத்து அரை மணி ஆவதற்குள். அதனால் அவன் கொண்டுவந்த புது அரிசி மெசினின் கணக்கில் பழையது. அது தொடவே இல்லை. பழைய மாவையே எடுத்து எடுத்துப் பிசைந்திருக்கிறது. மற்ற நாட்களில் அவன் ஃபைல் ஒரு நாள் கழித்தோ இரண்டு நாள் கழித்தோ வரும், அரை மணி வித்தியாசம் ஒன்றும் செய்யாது. அன்றைக்கு அவசரத்தில் ஓடி வந்ததால்தான் மாட்டிக்கொண்டது.

பையனுடைய வாட்ச்சைப் பார்த்து மெசினின் மணியைத் திருத்தினாள். அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் இப்போதைய நேரத்தைப் போட்டாள். பில்டு கொடுத்தாள். நான் குழந்தையோடு வாசலில் நின்றேன். திரையில் எழுத்து ஓடியது, நின்றது. பிழை என்று ஒன்றும் வரவில்லை. மகள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். குழந்தையை அவள் மடியில் வைத்தேன், எடுத்துக்கொண்டாள்.

பையன் ஸ்டேஷனுக்குப் போனான். வண்டி வந்து சேரும் முன்பே போய் நின்றானாம். அது எந்தக் கடிகாரத்தின் புண்ணியம் என்று அவனிடம் கேட்க வேண்டும்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் அது ஓடியது. ஜீப் வரவில்லை. குழந்தை தவழ்ந்து, நடந்து, மெசினின் வயரைப் பிடித்து இழுக்கும் காலம் வரை அந்த ஆபீஸ் என் வீட்டில்தான் இருந்தது.

அன்று சாயங்காலமே மகள் கேட்டாள். "அம்மா, அந்தக் கிளாக்க இனி சரியாட்டு வைக்கலாமா?"

"அது சரியாட்டுத்தான் இருக்கு," என்றேன். "ஒனக்க மெசினுக்கு வேற ஒண்ணு வாங்கி வை."

வாங்கினாள். சின்ன டைம்பீஸ், பச்சை நிறம். மெசினின் தலையில் இருந்தது. அது வெளியாள் மணி காட்டும், சுவர் வீட்டு மணி காட்டும். காலையில் எனக்குக் குரல் வருவது நின்றது. முதல் சில நாள் எனக்குக் காது காத்துக்கொண்டிருந்தது.

சுவர்க் கடிகாரம் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. அன்று தோளில் கிடந்த குழந்தைதான் இப்போது இதை எழுதுகிறாள். திருவனந்தபுரத்துக்கு வண்டி பிடிக்க வேண்டும் என்று அதற்குள் இரண்டு தரம் சுவரைப் பார்த்துவிட்டாள்.

சுவரப் பாக்காத மக்கா, வண்டிக்கு இன்னும் நேரம் உண்டு. முதல்லேருந்து ஒருக்க வாசி, கேக்கட்டு.