ஐஸ் தொழிற்சாலைக்கும் தரவு மையத்துக்கும் நடுவில்

மின்சாரக் கந்தோரில் கட்டுப்பாட்டு அறை வேலை என்பது, போதாத ஒன்றை எல்லாருக்கும் பங்கு வைக்கிற வேலை. சங்கக் கடையில் சீனி நிறுத்தவர்களே, பவுசரில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தவர்களே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சண்டை முடிந்து சனம் மன்னாருக்குத் திரும்பிக்கொண்டிருந்த வருடங்களில் அந்தக் கதிரையில் நான் இருந்தேன்.

குளிர்

டவுனில் ஒரு தொலைபேசிக் கம்பனி தரவு மையம் கட்டியது. மாவட்டத்தின் கைபேசி அழைப்பெல்லாம் அங்கிருந்த இயந்திரங்கள் வழியாகத்தான் போய்வந்தன. எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்க்கப் போனேன். வெளியே தார் உருகுகிற வெயில். உள்ளே பொறியியலாளர் மயூரன் கம்பளிச் சட்டையோடு இருந்தார். இயந்திரம் சூடானால் நின்றுவிடுமாம். குளிர்சாதனம் ஓயவே கூடாதாம்.

வாசலில் பிலிப்பு அண்ணை நின்றார். சில படகுகள் வைத்திருக்கிற சம்மாட்டி. மின்வெட்டு வந்து ஐஸ் தொழிற்சாலை நின்றால் அவருடைய மீன் நாறிப்போகும். திறந்த கதவால் வந்த குளிரில் கொஞ்ச நேரம் முகத்தைக் காட்டிவிட்டுச் சொன்னார்: "தம்பி, அந்த மெசினுகளை ஒரு பக்கமாத் தள்ளிவைக்கச் சொல்லுங்கோ. என்ர பாரை மீனுக்கு ஒரு மூலை காணும்."

மழை

மலைநாட்டில் மழை பொய்த்தது. மன்னாருக்கு இவ்வளவுதான் கரண்ட், ஆனால் தரவு மையத்தில் கைவைக்கக் கூடாது என்று மேலிடம் சொல்லிவிட்டது. அடுத்த நாளே அரிப்புக் கிராமத்திலிருந்து செல்வராணி அக்கா வந்தார். தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பி, மா அரைக்கிற மில் ஒன்று போட்டிருந்தார்; கரண்ட் இல்லாமல் அது பாதியில் நின்றுவிட்டதாம். தலைமயிரெல்லாம் மா.

நீர்த்தேக்கம் வற்றியதையும், நாட்டின் எரிசக்திப் பாதுகாப்பையும் எனக்குத் தெரிந்த அளவில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். வெளியே காற்று யன்னலை அடித்து அடித்துச் சாத்தியது. "மழை இல்லாதது சரி, தம்பி. இந்தக் காத்தை என்னத்துக்குச் சும்மா விட்டிருக்கிறியள்?"

ஆளி

ஒரு காலை பிலிப்பு அண்ணையின் படகுகளுக்குப் பெரிய மீன்பாடு. ஐஸ் இல்லாவிட்டால் அவ்வளவும் பழுது. நான் மயூரனைக் கெஞ்சினேன். மத்தியானம் வரை தங்களுடைய ஜெனரேட்டரில் ஓடச் சம்மதித்தார். அவர்களின் பங்கை ஐஸ் தொழிற்சாலைக்குத் திருப்பினேன். எல்லாரும் நல்லவர்களாக இருந்த அருமையான காலை அது. ஜெனரேட்டர் நிற்கும்வரை.

தரவு மையத்தில் சூடு ஏறி, இயந்திரங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. மாவட்டத்தில் எந்தப் போனும் பேசவில்லை. பிலிப்பு அண்ணை ஓடிவந்தார். சேட்டுப் பொத்தான் பூட்டியிருக்கவில்லை. மகன் யூட்டின் படகு இயந்திரம் முள்ளிக்குளம் கிராமத்துக்கு நேரே கடலில் நின்றுவிட்டதாம். "நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்குது எண்டு சொல்லமுன்னம் போன் அறுந்திட்டுது, தம்பி."

இரண்டையும் ஓட்ட எங்கள் பங்கு காணாது என்றேன். அவர் மீன் முழுக்க ஐஸ் தொழிற்சாலையில் கிடந்தது. என் முகத்தைப் பார்க்காமல், "ஐஸை நிப்பாட்டுங்கோ" என்றார். ஐஸ் தொழிற்சாலையின் ஆளியை இழுத்து, கரண்டைத் தரவு மையத்துக்குத் திருப்பினேன்.

இயந்திரங்கள் உடனே எழும்பவில்லை. அறை குளிர வேண்டுமே. பிலிப்பு அண்ணை என் கதிரையில் இருந்து செபமாலை உருட்டினார். நான் நின்றுகொண்டிருந்தேன். கடைசியில் அவர் போன் அடித்தது. யூட்தான். தெற்கே இழுக்கிறது என்றான். பின்னேரத்துக்குள் இன்னொரு படகு யூட்டின் படகைக் கட்டி இழுத்துவந்தது.

மறுநாள் பிலிப்பு அண்ணையைக் கரையில் கண்டேன். கெட்டதுபோக மிச்ச மீனை உப்பிட்டுக்கொண்டிருந்தார். "பெடியன் கரையில கால் வைச்சு முதல் கேட்டது என்ன தெரியுமோ? 'அப்பா, போன் சார்ஜ் போடோணும், எங்க கரண்ட் இருக்கு?'"

நாட்டின் மின்சாரத்தைச் சமப்படுத்துவது என்று மேலிடத்தில் அழகாகச் சொல்வார்கள். நான் செய்து பார்த்த அளவில், அது இன்றைக்கு யார் என்னைத் திட்டுவது என்று முறைவைத்துக் கொடுப்பதுதான்.