அவர் போட்ட தப்புக் கணக்கு

நான்கு வருடங்களுக்கு முன்பு புதுக்கோட்டைக்கு அருகே ஒரு தனியார் கல்லூரியில் கணித ஆசிரியையாக இருந்தேன். இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்கான டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் பதினோரு வருடமாக என் பாடம். ஆபரேஷனுக்காக இரண்டு மாதம் லீவு எடுத்தபோது, கந்தர்வக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஓர் இளம்பெண்ணைத் தற்காலிகமாக அந்த வகுப்புக்குப் போட்டார்கள்.

திரும்பி வந்த முதல் நாள், நான் சாக்பீஸை எடுத்ததுமே முன்வரிசை மாணவி எழுந்தாள்.

"மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. இந்த யூனிட்டையும் அவங்களே எடுக்கட்டுமே. அவங்க சொன்னாத்தான் மண்டையில ஏறுது."

ஒருத்திகூட அவளை அடக்கவில்லை. சிரித்துச் சமாளித்தேன். உள்ளே எரிந்தது. வேறு வகுப்புகளுக்காக அந்தப் பெண்ணை இன்னும் வைத்திருந்தார்கள். அதற்கப்புறம் அவர் மேஜையைச் சுற்றி மாணவிகள் நிற்பது, அவர் சிரிப்பது, டிபன் பாக்ஸைத் திறக்கும் சத்தம்கூட எனக்குப் பிடிக்காமல் போனது.

ஒருநாள் ஒரு மாணவியின் நோட்டில் அவர் நடத்திய கணக்கைப் பார்த்தேன். dy/dx-க்கு முன்னால் x இருந்தது. முதலில் எல்லாவற்றையும் x-ஆல் வகுத்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும். அவர் வகுக்கவே இல்லை. பக்கத்தின் கடைசி வரியில் இருந்த விடையும் தப்பு. அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது. போனில் படம் எடுத்துக்கொண்டு நேரே துறைத்தலைவரிடம் போனேன். அந்தப் பெண்ணின் வேலையை நீட்டிப்பதா வேண்டாமா என்று அந்த வாரம்தான் முடிவெடுக்க இருந்தார்கள். அது தெரிந்துதான் போனேன்.

துறைத்தலைவர் அவரைக் கூப்பிட்டுக் கேட்டார். படத்தைப் பார்த்ததும் அந்தப் பெண், "இதுக்கு அடுத்த பக்கம் இருக்குங்களே சார்" என்றார்.

நோட்டை எடுத்துவரச் சொன்னார்கள். அடுத்த பக்கத்தில், வந்த விடையைச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்து, பொருந்தவில்லை என்று காட்டி, எங்கே தவறியது என்று மாணவிகளையே கண்டுபிடிக்க வைத்திருந்தார். கீழே சரியான விடை. வேண்டுமென்றே போட்ட தப்பு! இப்படிச் சொல்லித்தரலாம் என்று பதினோரு வருடத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை.

துறைத்தலைவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண்ணே முந்திக்கொண்டார்.

"மேடம் கேட்டது நியாயந்தான் சார். 'தப்பான முறை'ன்னு மேல ஒரு வரி எழுதச் சொல்லியிருக்கணும். நாந்தான் விட்டுட்டேன்."

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்புக்குப் போய் அவர் பக்கத்தில் நின்றேன். "ஒங்க வேலை போகட்டும்னுதாம்மா காட்டுனேன்" என்று உடைத்துச் சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடியது.

"தெரியும் மேடம். கஷ்டமாத்தான் இருந்துச்சு" என்றார். பஸ் வந்து நின்றதும் திரும்பி, "நாளைக்கு நீங்க கிளாஸ் எடுக்கயில நானும் பின்னாடி ஒக்காந்து கேக்கவா?" என்றார்.

அவருக்கு வேலை நீடித்தது. மறுவருடமே இன்னும் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் பாடம் நடத்தும் விதத்தின் மேல் எனக்கிருந்த பொறாமை எப்போதோ தீர்ந்துவிட்டது. தன் வேலையைக் கெடுக்க நினைத்தவளை அவ்வளவு சுலபமாக மன்னிக்க முடிந்ததே, அந்த மனசின் மேல்தான் இன்னும் பொறாமை. அது மட்டும் என்னிடம் இருந்துவிட்டுப் போகட்டும்.