தெய்வானை குறித்த புதன்கிழமை

மலாக்காவில் காஜா பெராங் பக்கம் யார் வீட்டில் தொட்டில் கட்டுவதானாலும், புது அடுப்புப் போடுவதானாலும் தெய்வானையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் செய்வார்கள். கேட்காதவர்கள் வீட்டுக்கு அவளே போய்ச் சொல்லிவிட்டு வருவாள். அவளுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைத்து, விரிப்பு மாற்றி, டாக்டர் வருவதற்குள் வார்டைப் பளிச்சென்று ஆக்கிவிடுகிற கை அது. வீட்டிலோ தெருவிலோ ஒரு காரியம் ஒழுங்கில்லாமல் கிடந்தால் அந்தக் கைக்குப் பொறுக்காது. போதாததற்கு மெட்ராஸில் அச்சான பஞ்சாங்கம் ஒன்று சுவரில் தொங்கியது. அதைப் புரட்டி நாள் சொல்லும்போது அவள் முகத்தில் மாஜிஸ்திரேட் களை வந்துவிடும். புருஷன் பொன்னுதுரை, முனிசிபல் லாரி ஓட்டுகிறவன், கல்யாணமான புதிதில் இரண்டொரு தடவை எதிர்த்துப் பார்த்தான். பிறகு விட்டுவிட்டான்.

மலாயா சுதந்திரம் அடைந்த மெர்டேகா கொண்டாட்டம் முடிந்து, கட்டிய தோரணங்களைக்கூட இன்னும் அவிழ்க்காத சமயம். தெய்வானையின் தங்கை விஜயாவைக் கட்டிய நடராஜன், குருபோங் ரப்பர் தோட்டத்தில் கிராணியாகக் கணக்கு எழுதியவன், வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நின்றான். இந்தியாவில் சொந்த ஊருக்கே போய்விடப் போகிறார்களாம். அடுத்த வாரம் கப்பல். அதுவரை தங்குவதற்கு மனைவியோடும் தாயார் பாக்கியலட்சுமியோடும் தெய்வானை வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

தாய் செத்தபோது விஜயாவுக்கு எட்டு வயது. அன்று முதல் அவளுக்குத் தலை பின்னியதும், சோறு ஊட்டியதும், பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும், மாப்பிள்ளை பார்த்ததும் தெய்வானைதான். அப்படி வளர்த்தவளைக் கடல் தாண்டி அனுப்பப் போகிறார்கள். நிலம் பற்றிப் பேசினார்கள், பிரஜா உரிமை பற்றிப் பேசினார்கள், எந்தப் பெட்டியை எடுப்பது எதை விற்பது என்று விடிய விடியப் பேசினார்கள். போக உனக்கு இஷ்டமா என்று விஜயாவிடம் மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. இதை நினைக்க நினைக்கத் தெய்வானைக்கு வயிறு எரிந்தது. நான் கேட்கிறேன் என்று முடிவு செய்தாள். இஷ்டமில்லை என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரட்டும், கப்பல் ஏணியில் ஏறிய பிறகும் பிடித்து இழுத்து வந்துவிடுவேன் என்று மனசுக்குள் சபதம் வேறு.

ஆனால் எங்கே வைத்துக் கேட்பது? இருக்கிறதோ இரண்டே அறை. அடுப்படிக்குப் போனால் பாக்கியலட்சுமி பலகையைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். கிணற்றடிக்குப் போனால் அங்கேயும் வந்து, "என்ன, அக்காளும் தங்கச்சியும் ரகசியம் பேசுறீங்களா?" என்பாள். அதற்காகத்தான் தெய்வானை அந்தத் திட்டத்தைப் போட்டாள். அக்காளும் தங்கையும் மட்டும் பஸ் ஏறி தஞ்சோங் கிளிங் கடற்கரைக்குப் போவது. ரொட்டியும் வாழைப்பழமும் எடுத்துக்கொள்வது. மரத்தடியில் உட்கார்ந்து காற்று வாங்கி, நிதானமாகக் கேட்டுவிட்டுச் சாயங்காலம் திரும்புவது.

நாள் பார்த்தாள். எல்லாரும் கடற்கரைக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமை, மேற்கே சூலம். தஞ்சோங் கிளிங் இருப்பதோ மேற்கே. தள்ளு. வெள்ளிக்கும் அதே சூலம். சனி, புரட்டாசி விரதம். புதன்கிழமை யோகம் நன்றாக இருந்தது, ஆஸ்பத்திரியில் அவளுக்கு லீவும் அன்றுதான். புதன் என்று முடிவாகிவிட்டது.

முதலில் பொன்னுதுரை கெடுத்தான். "கடல் இங்கயே பண்டா ஹிலிர்ல இருக்கே, அவ்ளோ தூரம் எதுக்கு? ரெண்டு பொம்பளைங்க தனியா போறீங்களா? லீவு போட்டுட்டு நானும் வரேன்" என்றான்.

"உங்கள யாருங்க கூப்பிட்டா?"

"கூப்பிடாட்டி என்னா, வரக்கூடாதா?"

அவன் வருகிறான் என்றதும் நடராஜனுக்கும் ஆசை வந்துவிட்டது. "போறதுக்கு முன்னாடி ஒரு தடவ கடலப் பாத்துட்டுப் போயிடலாம்க்கா."

"கப்பல்ல அத்தன நாளும் கடலத்தான பாக்கப்போறீங்க தம்பி!" என்று தெய்வானை தலையில் அடித்துக்கொண்டாள். அவன் சிரித்தானே தவிர, வரவில்லை என்று சொல்லவில்லை. மகன் போகிறான் என்றால் தாயார் வீட்டில் இருப்பாளா? அவளுக்கு ரொட்டி தொண்டையில் இறங்காதாம். "கொஞ்சம் புளிச்சாதம் கிண்டிக்க தெய்வான, ரெண்டு மசால்வடையும் போட்டுக்க. வெளிய போற எடத்துல பசிக்கும்" என்று உத்தரவு போட்டாள். சமைக்காமல் ஒரு நாள் கழிக்கலாம் என்று நினைத்தவள் விடிவதற்கு முன்னே எழுந்து பருப்பு அரைக்க வேண்டியதாயிற்று.

ஐந்து பேர் ஆனதும் பஸ் சரிப்படாது என்றார்கள். பக்கத்துக் கம்போங்கில், அதாவது கிராமத்தில், இருக்கும் அப்புவிடம் ஒரு பழைய ஆஸ்டின் கார் இருந்தது. அப்பு மலாக்கா செட்டி, பல தலைமுறைக்கு முன்னே இங்கே வந்து குடியேறிய தமிழ் வியாபாரிகளின் வம்சம். நெற்றியில் விபூதி பளிச்சென்று இருக்கும், வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். தமிழில் அக்கா, மாமா மாதிரி உறவுமுறைகளும் சாமி பெயர்களும் மட்டும் தெரியும். வாடகை பேசப் போனபோது, கிழமையைக் கேட்டதும் அவன் கையை ஆட்டினான்.

"ரபு ஜாங்ஙான், அக்கா. ஓராங் பாஞாக்." புதன் வேண்டாம், கூட்டமாக இருக்கும் என்றான். ஏன் என்று சொல்லவும் வாயெடுத்தான்.

தெய்வானை சொல்ல விடவில்லை. ஊருக்கெல்லாம் நாள் சொல்கிறவளுக்கு இவன் நாள் சொல்ல வந்துவிட்டானா? வேலை நாளில் எவன் கடற்கரைக்குப் போகிறான்? "புதன்னா புதன்தான். காலையில வண்டியக் கொண்டா" என்று மலாயில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

புதன்கிழமை கார் கிளேபாங்கைத் தாண்டியதும் நின்றது. முன்னே மாட்டுவண்டி. அதற்கு முன்னே இன்னொரு மாட்டுவண்டி. கூண்டில் பட்டுத்துணி கட்டி, மாட்டுக் கொம்புகளில் காகிதப் பூச் சுற்றி, உள்ளே குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பாடிக்கொண்டு போனார்கள். கண்ணுக்கு எட்டிய வரை வண்டிதான். அன்றைக்கு முஸ்லிம்களின் சஃபார் மாதத்துக் கடைசிப் புதன். வருஷமெல்லாம் சேர்ந்த பீடை போகட்டும் என்று மலாய்க்காரர்கள் கடலில் முழுக்குப் போடுகிற நாள். சுற்றியுள்ள கம்போங் எல்லாம் தஞ்சோங் கிளிங்குக்கு வந்து, கூடாரம் அடித்து, சமைத்துச் சாப்பிடும். இது மலாக்காவில் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். தெய்வானைக்கும் தெரியாததில்லை. ஆனால் மெட்ராஸ் பஞ்சாங்கத்துக்குத் தஞ்சோங் கிளிங்கில் நடப்பது எப்படித் தெரியும்?

அப்பு திரும்பிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

"நல்ல நாளாத்தான் பாத்துருக்க" என்றான் பொன்னுதுரை.

"வாய மூடிட்டு வாங்க."

மாடுகளின் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து ஒருவழியாகக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மரத்தடி இருந்தது, நிழல் இருந்தது, உட்கார ஒரு சாண் மண் இல்லை. ஒரு மலாய் அம்மாள் இரக்கப்பட்டுத் தன் பாயை நகர்த்தி இடம் விட்டாள். பாக்கியலட்சுமி உடனே அதில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பாஷை தெரியாமலே அவளோடு வடையைக் கொடுத்து, ஓலைக்குள் வெந்த கெத்துப்பாட் சோறு வாங்கித் தின்ன ஆரம்பித்தாள். பொன்னுதுரை பிடிலும் ரபானா மேளமும் கேட்ட பக்கம் போய் மாயமாகிவிட்டான். இவர்களுக்கெல்லாம் கொண்டாட்டமாகிவிட்டதே என்று தெய்வானைக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நடராஜனாவது தொலைவான் என்று பார்த்தால், அவன் விஜயாவை ஒட்டியே உட்கார்ந்து அதைக் காட்டினான், இதைக் காட்டினான். சூரியனும் மேலே ஏறிவிட்டது. இன்றைக்கு விட்டால் இனி எப்போது கேட்பது?

தெய்வானை எழுந்து தங்கையின் கையைப் பிடித்தாள். "வா, கால் நனைச்சிட்டு வருவோம்." நடராஜனும் எழுந்தான். "நீங்க ஒக்காருங்க தம்பி!" என்று வார்டில் அதட்டுகிற குரலில் அதட்டினாள். அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

கரையில் இடம் இல்லை என்பதால் முழங்கால் அளவு தண்ணீர் வரை இழுத்துக்கொண்டு போனாள். சுற்றிலும் ஆட்கள் முழுகி முழுகி எழுந்தார்கள், குழந்தைகள் கூச்சல் போட்டன. நிதானமாக, மெல்ல, தலையைத் தடவிக் கேட்க வேண்டும் என்று நினைத்து வைத்திருந்த கேள்வியைத் தெய்வானை தொண்டை கிழியக் கத்திக் கேட்டாள்.

"விஜயா! ஊருக்குப் போவ ஒனக்கு இஷ்டமா இல்லியா? யாருக்கும் பயப்படாம சொல்லு!"

"இஷ்டம்தான்க்கா."

"அவருக்காகச் சொல்லாத. நான் இருக்கேன்."

"அவருக்கு இங்கயே இருக்கணும்னுதான் ஆச. போவலாம்னு சொன்னது நான்தான்."

தெய்வானை அவள் கையை உலுக்கினாள். "ஏன்டி? இங்க ஒனக்கு என்னா கொற?"

விஜயா தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள். "கொற ஒன்னும் இல்லக்கா. எட்டு வயசுலேருந்து எனக்கு எல்லாம் நீயே பாத்துட்ட. எந்தச் சேல, எந்த ஸ்கூல், எந்த மாப்பிள்ள, எல்லாம். நல்லதாத்தான் பாத்த. குருபோங்ல இருந்தப்பகூட வாராவாரம் பஸ் ஏறி வந்து என் அடுப்பத் திருப்பி வச்சிட்டுப் போவ. நானா ஒன்னு செஞ்சு, அது தப்பாப் போனாலும் பரவால்லன்னு இருக்கு எனக்கு." அவள் நிமிர்ந்தாள். "இன்னிக்குக்கூட இங்க வரணுமான்னு நீ என்னக் கேக்கலியே."

"ஒனக்காகத்தானடி இவ்ளோ பாடுபட்டேன்!"

"கேட்டிருந்தா வீட்லயே இருப்போம்னு சொல்லிருப்பேன். எல்லாரையும் இங்க அனுப்பிட்டு, நீயும் நானும் அடுப்படியில ஒக்காந்து தோச சுட்டுத் தின்னுருக்கலாம்."

தெய்வானைக்கு முதலில் வந்தது கோபம்தான். நன்றி கெட்ட கழுதை என்று நாக்கு நுனி வரை வந்தது. ஊட்டிய சோறும் பின்னிய சடையும் ஒவ்வொன்றாக நெஞ்சில் வந்து நின்றன. தங்கையைப் பிரித்துக்கொண்டு போகிற பாவி என்று நடராஜனை இத்தனை நாள் கரித்துக் கொட்டினாளே, அவனா காரணம்?

"எங்கிட்டேருந்து தப்பிச்சுத்தான் கப்பல் ஏறுறியா?" என்றாள். இந்தத் தடவை கத்த முடியவில்லை.

விஜயா பொய் சொல்லவில்லை. "ஆமாக்கா" என்றாள். சொல்லிவிட்டு, பிடித்திருந்த கையை விடாமல் அழுதாள்.

தெய்வானையும் அழுதாள். பக்கத்தில் முழுகி எழுந்தவர்கள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லார் முகத்திலும் உப்புத் தண்ணீர்தான். கரையிலிருந்து பாக்கியலட்சுமி, சாதம் காய்கிறது, வந்து சாப்பிடுங்கள் என்று கையை ஆட்டிக் கூப்பிட்டாள். போய் இலையைப் பிரிக்க வேண்டும், பொன்னுதுரையைத் தேட வேண்டும், இராகுகாலத்துக்கு முன்னே கிளம்ப வேண்டும் என்று தெய்வானையின் மனசு தன்பாட்டுக்கு அடுக்கத் தொடங்கியது. அவள் அதை அதட்டி நிறுத்தினாள்.

"இப்ப என்னா செய்யலாம்? நீ சொல்லு" என்றாள்.

விஜயா அக்காளை ஆச்சரியமாகப் பார்த்தாள். "தெரியலக்கா. கொஞ்ச நேரம் இப்படியே நிப்போம்."

நின்றார்கள். தங்கையின் சேலை முழங்காலுக்கு மேலும் நனைந்துகொண்டிருந்தது. தூக்கிச் செருகிக்கொள் என்று சொல்லாமல் இருக்கத் தெய்வானை பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.